தம்பியிடம் போய்விட்டு வாருங்கள்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், திருப்பலிக்கும் அதன்பின் உணவுக்கும் வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் அவருடைய தங்கையாகிய நான் வணங்கி எழுதுகிறேன். இம்மாதிரி நினைவு மலர்களில் மறைந்தவரைப் பற்றி நல்லது மட்டுமே எழுதுவார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். அந்த நல்லது எங்களைப் படுத்திய பாட்டையும் சேர்த்து எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

குறிஞ்சிப்பாடிக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அடுத்து நான், எனக்குப் பிறகு தம்பி. அண்ணன் கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டினார். அவருடைய திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டிப் போகும்போது சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவர் அண்ணனின் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். அண்ணன் மேல் குற்றமில்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. முதலாளி சொன்னார், நாங்கள் சொன்னோம், தெருவே சொன்னது. என் வீட்டுக்காரர், "மச்சான், ஒங்க மேல தப்பே இல்ல, வுடுங்க" என்று தினமும் சொன்னார். அண்ணன் விடவில்லை. சரியாகச் சாப்பிடாமல், சரியாகத் தூங்காமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீட்டில் எல்லாருடைய உயிரையும் வாங்கினார்.

அவர் மாதாகோயிலுக்குள் நுழைந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. மின்விசிறி. பேருந்தின் பகல் நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவில் ஓய்வு கிடைக்கும். பழைய கடலூரில் ஒரு கோயிலின் கடைசி பெஞ்சில் காற்றோட்டமாகப் படுத்து எழுவார். ஒருநாள் பங்குத்தந்தை அவரை எழுப்பி, யார், என்ன என்று விசாரித்திருக்கிறார். எங்கள் யாரிடமும் வாய் திறக்காத மனிதர் அங்கே எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"எல்லாரும் தப்பில்ல, தப்பில்லன்னே வாய அடைச்சிட்டீங்க. அன்னிக்கு நான் ஒரு நொடி ரோட்ட வுட்டு வெளியில பாத்துட்டேம்மா. அத யாருகிட்ட சொல்றது? அவர்தான் முழுசா சொல்லுன்னு கேட்டாரு. கேட்டுட்டு, இதையும் மன்னிக்கிற கடவுள் இருக்காருன்னாரு."

அன்றிரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார். நான் நிம்மதியடைந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஏனென்றால் அண்ணனுக்கு எதிலும் அளவு தெரியாது. ஞானஸ்நானம் பெறுவதற்காக ஞானோபதேசம் படிக்கத் தொடங்கினார். நற்செய்தி நூலை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, குழம்பு தாளிக்கிற நேரத்தில் சந்தேகம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றால், "யோசிச்சு சொல்லு" என்பார்.

அந்த நாட்களில்தான் ஊரில் அப்பா காலமானார். சுடுகாட்டில், பங்காளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நான் கொள்ளி வெக்க மாட்டேன். நான் வேற வழியில போயிட்டேன்."

தம்பி எவ்வளவோ கெஞ்சினான். பெரியவர்கள் திட்டினார்கள். அண்ணன் அசையவில்லை. கடைசியில் தம்பிதான் மொட்டையடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். காரியம் முடிந்ததும், "இனிமே எனக்கு அண்ணன் கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இருக்கிறது.

அண்ணன் இதைப் பெருமையாகப் போய்ப் பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறார், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிடுவார் என்ற நினைப்பில். அவரோ தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

"யாரு ஒங்கள அப்படி செய்யச் சொன்னது? பெத்த அப்பாவுக்குப் புள்ளையா நிக்கறத நான் எப்ப வேணாம்னேன்? மொதல்ல தம்பிகிட்ட போயிட்டு வாங்க. சமாதானமானதுக்கு அப்பறம் ஞானஸ்நானத்தப் பத்திப் பேசலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு நானே பங்குத்தந்தையிடம் நேரில் போனேன். "ஏன் சாமி, இத முன்னாடியே அவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அவரு கேக்கவே இல்லையேம்மா" என்றார். தாளிக்கிற நேரத்தில் என்னிடம் ஆயிரம் கேட்டவர், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அண்ணன் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவார். அன்று அரைநாள் கடை உண்டு. உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். தம்பி முகம் கொடுக்க மாட்டான். அதனால் அவர் வாடிக்கையாளர்களோடு பேச ஆரம்பித்தார். "செவ்வாக்கெழம வாங்க, ரெடியா இருக்கும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிடுவார். செவ்வாய்க்கிழமை அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். தம்பி எனக்குப் போன் செய்வான்.

"யக்கா, ஒன் அண்ணன வர வேணாம்னு சொல்லு. தொல்ல ஜாஸ்தியா போச்சு."

சாயங்காலம் அண்ணன் திரும்பி வருவார். "இன்னிக்குப் பேசிட்டாம்மா."

"என்னண்ணா பேசினான்?"

"தள்ளி உக்காருன்னான்."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் பட்டதை எழுத இந்த மலரில் இடம் போதாது. எந்தச் சாமிக்காக இவர் தம்பியை விட்டாரோ, அந்தச் சாமியே தம்பியிடம் துரத்திவிட்டது என்று உறவினர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பேருந்தில் அடிபட்டு இறந்தவரின் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பார்த்ததும் அந்த நாட்களில்தான். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அது அவுங்களுக்கும் எனக்கும்" என்றதோடு முடித்துக்கொண்டார். பங்குத்தந்தையைப் பார்த்த நாளிலிருந்து அதுவரை அவர் என்னிடம் எதையும் அப்படிச் சொல்லாமல் வைத்துக்கொண்டதில்லை.

அப்பாவுக்குத் தெவசம் வந்தது. தம்பி என்னிடம் சொல்லியனுப்பினான்: "மன்னிப்பெல்லாம் கடையில வெச்சு எனக்கு வேணாம். அன்னிக்கு சுடுகாட்டுல யாரெல்லாம் பாத்தாங்களோ, அவுங்க முன்னாடி சொல்லட்டும்."

அண்ணன் எங்கே மறுபடி வேதம் பேசி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாரோ என்று வழி நெடுக அவரை எச்சரித்துக்கொண்டே போனேன். ஊரில் பந்தி போடுவதற்கு முன் அவர் எழுந்து நின்றார்.

"எங்க அப்பாவுக்குப் புள்ளையா நான் நின்னிருக்கணும், நிக்கல. சாமி பேரச் சொல்லி எந் தம்பியத் தனியா நிக்க வுட்டுட்டேன். சாமி அப்படிச் சொல்லல. நானா செஞ்ச தப்பு."

அவ்வளவுதான் பேசினார். உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். தம்பி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சோறு ஆறுது. உக்காருண்ணா" என்றான். அவனே இலையைப் போட்டான்.

அண்ணனின் ஞானஸ்நானத்துக்குத் தம்பி சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். பங்குத்தந்தையிடம் கைகூப்பிச் சொன்னான்: "சாமி, தண்ணிய நல்லா ஊத்துங்க. ஏதாச்சும் கொறையிருக்குன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, எங்கடையில எடமில்ல." பங்குத்தந்தை சிரித்து முடித்துச் சடங்கைத் தொடங்கக் கொஞ்ச நேரமானது. தலையில் தண்ணீர் விழுந்தபோது அண்ணன் அழுதார். தம்பியும்தான்.

அதன்பின் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளைத் தேடிப் போய் உட்காருவார். குணமானவர்களை ஊருக்குப் பஸ் கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார். எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

சிறுநீரகம் பழுதாகி அவரே அங்கே படுக்கையில் கிடந்தபோது, தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்து உடனிருந்தான். அண்ணனுக்குக் கண் மங்கியிருந்ததால் விவிலியத்திலிருந்து திருப்பாடல்களை அவன்தான் படித்துக் காட்டினான். "புரியலண்ணா" என்பான். "எனக்கும்தான். படி" என்பார் அண்ணன். ஒரு பிற்பகலில், தம்பி படித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் அமைதியாக உயிர் நீத்தார்.

எரிப்பதா புதைப்பதா என்று உறவினர் சிலர் பேச்செடுத்தார்கள். "எங்கண்ணன் ஆசப்பட்டபடிதான் நடக்கும்" என்றான் தம்பி. குழியில் முதல் பிடி மண் அவன் போட்டது.

அண்ணனைத் திருப்பி அனுப்பத் துணிந்த பங்குத்தந்தைக்கும், கல்லறைவரை பாடி வந்த அன்பியத்து ஜெபக்குழுச் சகோதரிகளுக்கும், கடைசி நாட்களில் அவருடைய பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்ட செவிலியருக்கும், சுமந்து சென்ற ஓட்டுநர் நண்பர்களுக்கும், செவ்வாய்க்கிழமைகளில் ஏமாந்து திரும்பிய வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் போன வழியில் நீயும் போவாயா என்று பலர் கேட்கிறார்கள். தெரியவில்லை. இப்போதைக்கு அவருடைய ஆண்டவரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்தான் இருக்கிறது. ஆண்டவரே, உங்கள் சந்நிதியில் வந்து உட்கார்ந்திருப்பவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். நிறையக் கேட்பார். எனக்குத் தெரியாத பதில்களை நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்.