சின்னவளிடம் போன ரேடியோ

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் என் சித்தப்பாவின் மகள்தான். அவள் என்னைவிடச் சில மாதங்களே இளையவள். அந்தச் சில மாதங்களுக்காகக் குடும்பத்தில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றும் என்னைப் பெரியவள் என்றும் அழைத்தார்கள். சின்னவளுக்குக் கேட்டது கிடைக்கும். பெரியவளுக்கு விட்டுக்கொடுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

அந்தக் கோடையில் சுவிஸின் தெற்கே இருக்கும் லுகானோவில் அம்மாவின் உறவுக்காரர் வீட்டில் ஒரு சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டுச் சடங்கு, வந்தது. எம்மன்புரூக்கேயிலிருந்து நாங்களும் ஷாஃப்ஹவுசனிலிருந்து சித்தப்பா வீட்டாரும் இரண்டு காரில் சேர்ந்து போவதென்று அம்மாவும் சித்தியும் முடிவெடுத்தார்கள். மலைக்குள் போன் வேலை செய்யாது, பிள்ளைகளோடு போகிறோம், ஏதாவது ஒழுங்கு பண்ணுங்கோ என்று அம்மா அப்பாவை நச்சரித்தார். அப்பா தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவரிடம் இரண்டு சிபி ரேடியோக்களை இரவல் வாங்கி வந்தார். லொறிக்காரர்கள் தங்களுக்குள் கதைக்கும் ரேடியோதான். ஆனால் அவசரத்துக்கென்று பெட்டிக்குள் வைத்திருக்கும் சிறிய வகை. பெட்டிக்குள் செங்கல் அளவில் ஒரு ரேடியோ, காந்தம் வைத்த நீளமான அன்ரெனா, கட்டை அன்ரெனா ஒன்று, கார் லைற்றர் துளையில் செருகும் வயர், பற்றறிப் பெட்டி.

பார்க்கிங்கில் வைத்து அப்பாவும் நானும்தான் அதைப் பரீட்சித்தோம். காந்தத்தைக் கார்க் கூரையின் நடுவில் வைத்து, வயரைக் கதவு ரப்பருக்குள்ளால் விட்டு, இரண்டு ரேடியோவிலும் ஒரே சனலைப் போட்டோம். இரைச்சல் அடங்கும்வரை குமிழை மெல்லத் திருப்பவேண்டும், கொஞ்சம் கூடினால் ஆளின் குரலும் சேர்ந்து அடங்கிவிடும். நான் மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைவரை நடந்தேன்.

"கேக்குதோ?" என்றது அப்பாவின் குரல்.

"கேக்குது அப்பா. ஓவர்."

அப்பா சிரித்தார். வீட்டில் அதிகம் கதைக்காத மனிதர். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் கேட்டது என்பதில் எனக்குப் பெரிய கர்வம். பயணத்தன்று சித்தப்பாவின் காரில் நான்தான் ரேடியோவோடு போகப்போகிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

பயணத்தன்று காலை சித்தப்பாவின் கார் வந்து நின்றது. பின் இருக்கை முழுவதும் பலகாரத் தட்டுகள். சித்தி இறங்கி எங்கள் காரில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்பா சித்தப்பாவின் கார்க் கூரையில் காந்தத்தை வைத்து, வயரைச் செருகி, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி வந்தார். சித்தப்பாவும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பிளைகள் வேலை என்று வந்தால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"ரேடியோ சின்னவளிட்ட இருக்கட்டும்," என்றார் அம்மா.

"அவளுக்கு ஒண்டும் தெரியாது! எனக்குத்தான் தெரியும்!"

"தெரிஞ்சவை அப்பாவுக்குப் பக்கத்தில இருங்கோ."

அப்படி நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும் என்பதால் ரேடியோவை அவர் வாய்க்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துவது என் வேலை. என் மூக்குக்கு முன்னாலேயே அப்பாவின் அன்பெல்லாம் பின்னால் வந்த காருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சின்னவள், காலமை சாப்பிட்டனியளோ?"

கொஞ்ச நேர இரைச்சலுக்குப் பிறகு அவள் குரல் வரும். "ஓம் பெரியப்பா. பாண் சாப்பிட்டதாம்."

"நித்திரை காணாதெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டிப் போவம். தலையிடி இப்ப எப்பிடி?"

"இப்ப குறைவாம் பெரியப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சின்னப் பெட்டைக்கு இவ்வளவு மரியாதையாக 'சாப்பிட்டனியளோ'. அவளுக்குத் தலையிடி என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. தன் தலையிடியைக்கூட யாரோ சொன்னதுபோல் 'குறைவாம்' என்றாள். ஷாஃப்ஹவுசனில் தமிழ் அவ்வளவுதான் போலும். அதைவிட, வழிமுழுவதும் அவள் அந்த ரேடியோவைத் தன் அப்பாவிடம்கூட ஒருமுறை கொடுக்கவில்லை. அப்படி ஒரு பேராசைக்காரி. நான் சாப்பிட்டேனா என்று அன்றைக்கு என்னை ஒருவரும் கேட்கவில்லை.

சுரங்கப்பாதை வாசலில் வாகனங்கள் நீளத்துக்கு நின்றன. அப்பா கொட்ஹார்ட் மலைப்பாதையில் ஏறினார். பாதி ஏறியதும் பனிப்புகார் இறங்கியது. கார் மூக்குக்கு முன்னால் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்த்த சித்தி, "பின்னால லைற்றைக் காணேல்ல," என்றார்.

அப்பா ஒதுங்கும் இடம் ஒன்றில் நிறுத்தினார். சித்தி போனைப் பார்த்தார், சிக்னல் இல்லை. நான் பொத்தானை அழுத்தினேன். அப்பா கூப்பிட்டார். இரைச்சல். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் முறைதான் அவளுடைய அழுகை கேட்டது.

"பெரியப்பா, கார் நிண்டிட்டுது. முன்னால புகை வருது."

"அழாதை குஞ்சு. ரோட்டிலயோ நிக்கிறியள்?"

"ஓம். வளைவில."

பின் இருக்கையில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். புகாருக்குள் வளைவில் நிற்கும் காரைப் பின்னால் வருகிறவர்கள் காணமாட்டார்கள் என்பது எனக்கே விளங்கியது.

"ரேடியேற்றர் மூடியைத் திறக்கவேண்டாம், சுடுதண்ணி அடிக்கும். நாலு லைற்றையும் போட்டிட்டு இறங்கி, கட்டைச் சுவருக்கு அங்கால போங்கோ. ரேடியோவையும் கொண்டு போங்கோ."

"இது வயரோட ஒட்டியிருக்கு, வருதில்லை பெரியப்பா!"

அப்பா என்னைப் பார்த்தார். என் நேரம் வந்துவிட்டது. ரேடியோவை என் வாய்க்கு இழுத்தேன். "மேல இருக்கிற வயரைத் திருகிக் கழட்டு. கட்டை அன்ரெனாவைப் பூட்டு. பிறகு கீழ் வயரை எடுத்திட்டுப் பற்றறிப் பெட்டியைக் கொழுவு. கிளிக் எண்டு கேக்கவேணும்."

"மேல் வயர் கழருது அக்கா."

அதோடு சத்தம் நின்றுபோயிற்று. பிறகு இரைச்சலுக்குள்ளால் ஓர் ஆண் குரல் வந்தது.

"அண்ணை."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணை, நாங்கள் சுவருக்கு அங்கால நிக்கிறம். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நீ பதறி ஓடி வந்திடாதை, ஒண்டும் தெரியாது இங்க. மெல்ல வா."

நான் பொத்தானை அழுத்தி ரேடியோவை அப்பாவின் வாய்க்கு நேரே பிடித்தேன். அப்பாவின் வாய் திறந்தது. பொத்தான் என் விரலுக்குக் கீழே அமுங்கியபடியே இருந்தது. கடைசியில் நானே சொன்னேன்: "சித்தப்பா, அப்பா வாறார். ஓவர்."

பின்னால் அம்மாவும் சித்தியும் அழுதார்கள். கார் பழுதானதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன்.

மெல்ல மெல்ல இறங்கிப் போனோம். அப்பா முதலில் முக்கோணத்தைக் கொண்டுபோய் வளைவுக்குப் பின்னால் வைத்தார். பிறகு தன் ஜக்கெற்றைக் கழற்றிச் சின்னவளைச் சுற்றிப் போர்த்தினார். என் அப்பாவின் ஜக்கெற். சூடு ஆறும்வரை இரண்டு ஆண்களும் காரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சித்தப்பா தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்க, அப்பா துணியால் மூடியைத் திருகினார். மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி, சடங்குக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இருவரும் அதற்கு முன் நான்கு வருடமாக ஒருவரோடொருவர் கதைத்ததில்லை என்று அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். ஊரில் அப்பாவின் தந்தை, எங்கள் அப்பப்பா, இறந்த செய்தி முதலில் சித்தப்பாவுக்கு வந்ததாம். அண்ணை இரவு வேலையில் நிற்கிறார், விடியச் சொல்வோம் என்று அவர் பொறுத்திருந்தாராம். தம்பி அழுத இரவில் தான் ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்ததை அப்பாவால் பொறுக்க முடியவில்லையாம். சாப்பிட்டனியளோ என்ற கேள்வி சின்னவளுக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு. தலையிடியும் அவருடையதுதான்.

இதெல்லாம் தெரியாத நான் லுகானோவில் இரண்டு நாளும் அடம்பிடித்தேன். திரும்பும்போது சின்னவள் எங்கள் காரிலும் நான் சித்தப்பாவின் காரிலும் என்று தீர்ப்பாயிற்று. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா என்னைக் குஞ்சு என்று கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ரேடியோ இரைந்தது.

"தம்பி, முன்னால ஒரு கோப்பிக் கடை வருது. நிப்பமோ?"

சித்தப்பா என் கையைப் பிடித்து ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தார். "ஓம் அண்ணை. நிப்பம்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர்கள்தான் கதைத்தார்கள். கோப்பி, மழை, ஊரில் யாரோ ஒரு வாத்தியார், பழைய சைக்கிள் ஒன்று. எனக்கென்று ஒரு சொல் வரவில்லை. ஆற்றாமையில் நான் அழத் தொடங்கினேன். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய கண்களும் நிறைந்திருந்தன, புறங்கையால் துடைத்துக்கொண்டார். எனக்கு நடந்த அநியாயம் இவர் ஒருவருக்காவது விளங்கிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.