சவுதி செல்லப்பன் ஜப்பானிய மொழி படித்த கதை

ஒரு அந்நிய மொழி தெரிந்தவர்களுக்கு இன்னொரு அந்நிய மொழி சுலபமாக வருமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், செல்போன் கடை மாடியில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறவள் நான். பெயர் சுவாதி. எங்கள் முதலாளி ராஜராஜன் வாசல் போர்டிலேயே பதிலை எழுதி வைத்திருக்கிறார்: ‘ஏற்கெனவே ஒரு வெளிநாட்டு மொழி அறிந்தவர்களுக்கு மூன்றே மாதம்.’ அவருக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு உறுதியாக எழுத முடிந்தது.

அந்த போர்டை நம்பி வந்தவர் செல்லப்பன். வயது நாற்பத்து நான்கு. ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கம். அங்கே கடை வைத்திருந்த பாய் ஒருவர் பிடித்துக் கொடுத்த விசாவில் சவுதிக்குப் போய், ஒரே வீட்டில் பதினான்கு வருஷம் கார் ஓட்டியவர். அவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்த சின்னப் பெண் வளர்ந்தாள். பெண்களும் கார் ஓட்டலாம் என்று அங்கே சட்டம் வந்தது. அவள் லைசென்ஸ் எடுத்தாள், இவர் ஊருக்கு விமானம் ஏறினார். இப்போது பெரம்பலூரிலிருந்து அரியலூர் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். ஜப்பானில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வில் தேறினால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அரபி நமக்குத் தண்ணிபட்ட பாடுங்க டீச்சர். இது வந்துருங்களா?”

“உங்களுக்கு வராம வேற யாருக்குண்ணே வரப்போவுது?” என்றேன். தினமும் அந்த போர்டைப் பார்த்துப் பார்த்து எனக்கும் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

முதல் வாரமே மானம் கப்பலேறியது. வலது பக்கத்துக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டால் ‘யமீன்’ என்பார். அது அரபி. இடதுக்கு ‘யசார்’. அதுவும் அரபிதான். காலேஜ் முடித்த கையோடு வந்த விக்கி, கலைவாணன், அறிவரசன் மூவரும் சரியாகச் சொன்னார்கள். தெரியாவிட்டால் பேசாமல் இருந்தார்கள். செல்லப்பனால் பேசாமல் இருக்க முடியாது. வேற்று மொழி என்று கேட்டதும், முன்னாலேயே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்த அரபி எழுந்து பதில் சொல்லிவிடும். எனக்கோ பொறுமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அரபிய எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“திட்டு வாங்கித்தாங்க. நான் வண்டி ஓட்டுவேன், பின்னாடி உக்காந்து திட்டிக்கிட்டே வருவாங்க. ரெண்டு தடவ திட்டு வாங்குன வார்த்த மூணாவது தடவ மறக்காது. நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்லித் தர்றீங்க. அதான் ஏற மாட்டேங்குது.”

வேடிக்கை என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே கேட்டார். சாயங்காலம் வேன் அரியலூருக்குப் போகிறது, உங்கள் வீடும் அரியலூரில்தான், முன் சீட்டில் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் வழி சொல்லுங்கள், தப்பு செய்தால் திட்டுங்கள் என்றார்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. உடையார்பாளையம் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. செல்லப்பனின் அப்பா மாதிரியானவர்களைத் திட்டியே வேலை வாங்கிய குடும்பம். திட்டச் சொல்லி அவர்கள் யாரும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார், எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற அவஸ்தையை நினைத்து ஒப்புக்கொண்டேன். என் நல்ல மனசு அவ்வளவுதான்.

‘ஹிதாரி’ என்றால் இடது. ‘மிகி’ வலது. ‘தோமரே’ என்றால் நிறுத்து. தப்பாகத் திருப்பினால் ‘பாகா’ என்பேன், முட்டாள் என்று அர்த்தம். தமிழில் வராத திட்டு ஜப்பானிய மொழியில் சரளமாக வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பின்னால் ஆலைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஒரு நாள் நான் அவசரத்தில் இடதுக்கு வலது சொல்லிவிட, வேன் யாருடைய மக்காச்சோளக் களத்திலோ போய் நின்றது.

“டீச்சரம்மா, ஷிப்டுக்கு நேரமாவுது,” என்றார் பின் சீட்டு முத்துசாமி. “நீங்க திட்டுங்க, வேணாங்கல. பாத்துத் திட்டுங்க.”

மூன்றே மாதத்தில் செல்லப்பன் பேசினார். மழை பற்றி, சின்ன வெங்காய விலை பற்றி, தார்ப்பாய் மூடாமல் முன்னால் போகிற சுண்ணாம்புக்கல் லாரி பற்றி, அந்த லாரிக்காரனின் பிறப்பு வளர்ப்பு பற்றி, எல்லாம் ஜப்பானிய மொழியில். போர்டு ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு நாள் வேன் என்னை இறக்கிவிட்டபோது என் அப்பா கிருஷ்ணமூர்த்தி வீட்டு வாசலில் நின்றிருந்தார். “வாங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று வேன் பக்கம் வந்தவர், “எந்த ஊரு? யாரு மவன்?” என்றார். செல்லப்பன் ஊரையும் சொன்னார், அப்பா பேரையும் சொன்னார். என் அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, “சரி சரி. வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துடா, கேட்ட மறைக்குது பாரு,” என்றார். தண்ணீர் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் வேனில் மன்னிப்புக் கேட்டேன். செல்லப்பன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “சவுதியிலயும் திட்டுவாங்க டீச்சர். ஆனா யாரு மவன்னு கேட்டுட்டுத் திட்ட மாட்டாங்க. சம்பளம் கூடக் கொறைய இருந்துட்டுப் போவுது, அப்படி ஒரு ஊருக்கு மறுபடி போயிரணும். இந்த வயசுக்கு இத வுட்டா வேற வழி இல்ல எனக்கு.”

தேர்வு சென்னையில், கம்ப்யூட்டரில். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. எழுத்தைப் படிக்க வேண்டும். அப்போதுதான் கேட்டேன், அரபி படிப்பீர்களா என்று. பதினான்கு வருஷமும் ரோட்டுப் பலகைகளைப் படம் மாதிரிப் பார்த்தே ஓட்டியிருக்கிறார். ஒரு எழுத்து தெரியாது. காதால் ஒரு மொழி கற்றவருக்கு இன்னொன்றும் காது வழியாகத்தான் வந்தது, கண் வழி அடைத்தே கிடந்தது. எழுத்துகளை அட்டையில் எழுதி வேனின் முன்கண்ணாடி ஓரம் முழுக்க ஒட்டினேன். தேர்வை இரண்டு முறை எழுதினார், இரண்டு முறையும் போனது. விக்கியும் கலைவாணனும் அறிவரசனும் முதல் தடவையிலேயே தேறினார்கள். கேள்வி பதில் அத்தனையையும் நெட்டுரு போட்டிருந்தார்கள்.

பிறகு ஜப்பானிலிருந்து லாரிக் கம்பெனி அதிகாரி நேர்காணலுக்கு வந்தார். பையன்கள் தாங்களே பேச வேண்டும், டீச்சர் வாய் திறக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். பெயர், ஊர் வரைக்கும் மூன்று பேரும் பிசிறில்லாமல் ஒப்பித்தார்கள். மலைப் பாதையில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதும் மூன்று பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ராஜராஜன் வியர்த்துப் போய் டீ கொண்டுவரச் சொன்னார்.

டீயோடு வந்தவர் செல்லப்பன். அதிகாரியை ஏற்றிவந்ததே அவர் வேன்தான். சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள் என்று அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

பையன்கள் தாங்களே பேச வேண்டும் என்ற நிபந்தனையை அவரே கைவிட்டுவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் செல்லப்பன் வழியாகத்தான் நடந்தது. கேள்வியைத் தமிழில் சொல்வார், பையன்கள் உளறுவதைச் சரிசெய்து ஜப்பானிய மொழியில் சொல்வார். பிரேக் கேள்விக்குப் பையன்கள் சொன்னது ஒரு வரி. கியரைக் குறைப்பதிலிருந்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்துவது வரை அதிகாரிக்குப் போனது பத்து வரி. அதிகாரி தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார்.  செல்லப்பன் பையன்கள் பக்கம் திரும்பினார்.

“அஞ்சு வருஷம். யாரையும் கூட்டிக்கிட்டுப் போவ முடியாது. வூட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா வர முடியாமப் போயிரும். இருந்துருவீங்களான்னு கேக்குறாரு. யோசிச்சுச் சொல்லுங்கப்பா.”

அதிகாரி கேட்டது அவ்வளவு நீளமில்லை. பையன்கள் யோசிக்கவுமில்லை. இருந்துருவோம்ணே என்றார்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒவ்வொருவருக்காகவும் செல்லப்பன் ‘இருப்பேன்’ என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். மூன்றாவதைச் சொல்லி முடித்துவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்து நான்காவது முறையும் ‘இருப்பேன்’ என்றார்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். அதில் மூன்று பெயர்கள்தான். இது யாருடைய பதில் என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் வாய் திறக்கக் கிடைத்த அனுமதி அதற்கு மட்டும்தான். இவர் தேர்வில் தேறவில்லை, எழுதப் படிக்க வராது, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சுத்தமான ஜப்பானிய மொழியில் சொன்னேன். தேறிய மூன்று பேருக்கும் அதில் ஒன்றும் புரியவில்லை. செல்லப்பனுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.