மிச்சம் போதும் என்று அவள் ஜெபித்தாள்

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் கூச்சப்பட்டே நான் செத்திருப்பேன். அதனால் சொல்லிவிடுகிறேன். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று யாரும் நெளிய வேண்டாம். அவர்களும் கேட்க வேண்டிய சங்கதிதான்.

நான் பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் தரகு பேசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றாறாம் வருஷம் கோடையில் எனக்கு நீர் போவதில் தொந்தரவு ஆரம்பித்தது. அவசரமாக முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பேரம் பாதியில் இருக்கும்போதே விட்டுவிட்டு ஓடுவேன். "ஏனுங்ணா, யாவாரத்த உட்டுப்போட்டுச் செவுத்தோரமாவே நிக்கறீங்க?" என்று சந்தைக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். வெயிலில் அலைகிற சூடு என்று நானே முடிவு கட்டினேன். இளநீர் குடித்தேன். வெந்தயம் ஊறவைத்து விழுங்கினேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தை மாதம் வரை இப்படியே ஓட்டிவிட்டேன். ஒருநாள் நீரோடு ரத்தம் வந்தது. என் மனைவி சாராளிடம் சொன்னேன். "கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாயில் விரலை விட்டுப் பார்த்தார். மாட்டுக்குச் சினை பார்ப்பதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பாவம், அந்த மாடுகள்! பிறகு ரத்தம் எடுத்தார்கள். துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். புராஸ்டேட் என்றார். அதில் புற்றுநோய்.

அந்த டாக்டர் பொறுமையான மனிதர். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், அல்லது கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம் என்றார். மெதுவாக வளர்கிற வகையாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருப்பதும் உண்டாம். எனக்கோ அது சுரப்பியைத் தாண்டி வெளியே வந்திருந்தது. எலும்புக்கு மட்டும் இன்னும் போகவில்லை. "ஆம்பளைங்களுக்குச் சுரக்கற ஹார்மோன்தாங்க இதுக்குத் தீனி. தீனிய நிறுத்திட்டு கரண்டும் வெச்சா அடங்கிரும்" என்றார். நிறுத்த இரண்டு வழி. ஒன்று, விடாமல் போட வேண்டிய ஊசி. அதன் விலை எங்களுக்குக் கட்டாது. இன்னொன்று, விரைகளை எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன்.

புற்றுநோய் என்று சொன்னபோதுகூட நான் இவ்வளவு கலங்கவில்லை. "காயடிச்ச மாடுங்க, பயப்படாமப் புடிங்க, பச்சப் புள்ள மாதிரி நிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே ஆயுசைக் கழித்தவன் நான். உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும், "செத்தாலும் செத்துப்போறேன், அது மட்டும் முடியாது" என்றேன். அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று முதல் உபவாசம் இருந்து ஜெபித்தேன். மத்தியான வேளையில் மாட்டுக்கொட்டகையில் முழங்கால் போட்டு அழுவேன். கத்தி படாமல் சுகம் கொடும் என்ற ஒரே விண்ணப்பம்தான். வாரங்கள் போயின. நீர் அடைத்து உயிர் போகிற மாதிரி வலித்தது. ஆண்டவர் பேசவேயில்லை. என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் சத்தம்போட்டே கதறிவிட்டேன். "ஆண்டவரே, என்னைய காயடிச்ச மாடு ஆக்கிப்போடாதீங்க!" திரும்பிப் பார்த்தால், கையில் தண்ணீர்ச் சொம்போடு சாராள் நிற்கிறாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் சொம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, நம்ம வண்டி மாடு செவல காயடிச்ச மாடுதானுங்களே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நம்ம புள்ளைக கண்ணாலத்துக்குச் சனத்தையெல்லாம் ஏத்தியாந்தது அதுதானுங்க. அது செத்தன்னிக்கு நீங்க சோறு திங்காமப் படுத்துட்டீங்க. அத மாடே இல்லீன்னு ஆராச்சும் சொன்னாங்களா? நீங்களாச்சும் நெனச்சீங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரை என் முன்னால் வாய்விட்டு ஜெபித்தவளே அல்ல. "ஏசப்பா, இந்த மனுசன எங்கிட்டயே உட்டுடுங்க. முழுசா வேணும்னு கேக்கலீங்க. மிச்சம் இருக்கறது போதுமுங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஜெபம். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் நான் அப்படி அழுததில்லை.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள். அதில் வயிற்றுப்போக்கும் அசதியும் வாட்டி எடுத்துவிட்டன. அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. "அடங்கியிருக்குங்க. ஆனா செக்கப்புக்கு வராம இருந்துராதீங்க" என்றார் டாக்டர். ஸ்தோத்திரம்!

ஆபரேஷனுக்குப் பிறகு திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் கொதித்து வியர்த்துக் கொட்டும். சாவுதான் வந்துவிட்டது என்று பதறினேன். சாராள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாசத் தூரம் நிக்கற வயசுல எனக்கு வந்துதே, அதேதானுங்க இது! அன்னிக்கு என்னைய என்ன கேலி பண்ணுனீங்க!" என்று ஈரத்துண்டை என் கழுத்தில் போட்டு விசிறிவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். எங்களுக்குள் முன்பிருந்த சில காரியங்கள் இப்போது இல்லை. அதற்காக நான் துக்கப்பட்டதும் உண்டு. ஆனால் இந்த வயதில்தான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவே பழகியிருக்கிறோம்.

இந்த வைத்தியத்தில் எலும்பு மெலியும், தினமும் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். விடிந்ததும் இருவரும் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். பீடியைத் தொடுவதில்லை. சந்தையில் போண்டா சட்டியைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். கறியைக் குறைத்து ராகி, கீரை, தக்காளி என்று சாராள் போடுகிறாள். முணுமுணுத்துக்கொண்டே தின்கிறேன்.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. அவள் கேட்டதைக் கொடுத்தார். அதனால்தான் இன்றைக்கு இங்கே நின்று பேசுகிறேன். ஆண்பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது நீர் போவதில் சிரமம் இருந்தால் சூடு என்று சொல்லி மறைக்காதீர்கள். எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டு பஸ் ஏறுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடியுங்கள், ஒன்றும் கேட்காமல் கூட வருகிறேன். வரும்போது வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். நாம் ஆண்டவரிடம் தப்பாகக் கேட்பதை அவர்கள் சரியாகக் கேட்பார்கள்.