ஆறு மணிக்குக் கிடைச்ச ஓடிபி

கோட்டுச்சேரியில என் நெட் சென்டருக்கு நாலு மணிக்கு ஒரு அக்கா வந்தாங்க. மகளோட காலேஜ் விண்ணப்பம். நேத்து இங்கேயே பாதி நிரப்பினது. இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி.

காலையிலதான் பிரவுசர் அப்டேட் ஆச்சு. அந்த சைட்ல ஒரு மெனுவும் திறக்கல. வழக்கம்போல குக்கீ எல்லாத்தையும் அழிச்சேன்.

மெனு திறந்துச்சு. நேத்து போட்ட லாகினும் அதோட போயிடுச்சு.

திரும்ப உள்ள போக ஓடிபி வேணும். அது குவைத்துல இருக்குற அவங்க வீட்டுக்காரர் நம்பருக்குப் போகுது.

"டூட்டியில போனைத் தொட விடமாட்டாங்க தம்பி."

அஞ்சு மணிக்கு சைட்டை மூடிட்டாங்க.

ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டாரு. "ஏதோ நம்பர் வந்திருக்கு, சொல்லட்டுமா?"

அக்கா என்னைப் பார்த்தாங்க. "சொல்லுங்க"ன்னு பேனாவை எடுத்து, ஆறு எண்ணையும் எழுதிக்கிட்டாங்க.

அப்டேட் பண்ணுனா எல்லாம் சரியாயிடும்னு சொன்னவங்க, கமெண்ட்ல தலையைக் காட்டுங்க.