காப்பு கட்டாத தோள்

நெதர்லாந்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கழிப்பறைக்குள் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் வருடம் இருக்காது, கிழமை இருக்காது. மாதமும் தேதியும் மட்டும்தான். வீட்டார், நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருடைய பிறந்தநாளும் அதில் எழுதியிருக்கும். வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கண்ணில் பட்டால் மறக்காதாம். முதல் முறை பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது என் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. மனைவி, மகள், யான் என்கிற என் மேலதிகாரி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவை மட்டும் எழுத முடியவில்லை. அதற்குத் தேதி கிடையாது.

போன வருடம் விடுப்பு கேட்கப் போனபோது யானுக்கு இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“திருவிழா எப்போது?”

“மே கடைசி, இல்லையென்றால் ஜூன் தொடக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கும்.”

“எந்தச் செவ்வாய்?”

“ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் ஹெமேன்ட்டவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்களேன்.”

ஹெமேன்ட்ட என்றால் இங்கே நகராட்சி. ஊர் என்றால் ஓர் அலுவலகம், கேட்டால் பதில் வரும் என்று நினைத்துவிட்டார் பாவம். எங்கள் ஊர், கோயில் வாசலில் உட்கார்ந்து, கல்யாண முகூர்த்தங்களையும் ஆற்றில் தண்ணீர் வரப்போவதையும் யோசித்து, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், அவர்களைச் சமாதானம் செய்து கூட்டிவந்த பிறகுதான் வாய் திறக்கும். இதை எந்த மொழியில் சொல்வது? “சரி, கேட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அண்ணன் உத்தேசமாகச் சொன்ன வாரத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கல்லணையிலிருந்து புதாற்றில் தண்ணீர் விடுவதற்கு முன், வயல் வெடித்துக் கிடக்கிற வைகாசியில்தான் மாரியம்மனுக்குத் திருவிழா. அப்பா பண்ணையில் கூலி வேலை செய்தவர். வருடம் முழுக்க அடுத்தவர் நெல் மூட்டையைச் சுமந்த தோள், அந்த ஒரு வாரம் மட்டும் அம்மன் சப்பரத்தைச் சுமக்கும். முன் தண்டில் இடது பக்கம் அவர் இடம். எங்கள் தெருவுக்குள் சப்பரம் திரும்பும்போது அவர் அசையாமல் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்பார். சப்பரம் அவரைச் சுற்றி வரும். அம்மனைத் திருப்புகிறவரே அப்பாதான் என்று நான் பள்ளியில் போய்ச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். அவருக்குப் பிறகு அண்ணன் அந்த இடத்தில் நின்றான். பிறகு அவனுக்கு முதுகு போய்விட்டது.

“இந்த வருசம் நீ வந்து நில்லுடா குமாரு. நம்ம வீட்டுத் தோள் இல்லன்னா எடம் வேற வீட்டுக்குப் போயிடும்” என்று போனில் சொன்னான். அதற்காகத்தான் போனேன். அப்பா நின்ற இடத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் ரொம்ப நாளாக உண்டு.

நான் போய் இறங்கிய மறுநாள் மேலத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஊரில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை காப்புக் கட்ட முடியாது. திருவிழா அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போயிற்று. எனக்கோ அந்தச் செவ்வாய் கழிந்த வெள்ளிக்கிழமையே திருச்சியில் விமானம். அடுத்த திங்களன்று நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கிற நீரேற்று நிலையத்தில் பம்புகளை மாற்றுகிறார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊரில் அந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்வது லேசில்லை. இருந்தாலும் யானுக்குப் போன் செய்து, ஒரு சாவு என்று சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“உங்களுக்கு என்ன உறவு?”

“உறவில்லை. ஊரில் ஒருவர்.”

“அப்படியானால் திங்களன்று வந்துவிடுவீர்கள்தானே?” என்றார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வந்தது. “இன்னைக்கு சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டுற நேரத்துல ஊருக்குள்ள இருக்கிற நம்ம ஊர்க்காரங்க யாரும், திருவிழா முடியிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுன்னு கேட்டுக்கறோம்.”

சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிட்டது. “அப்ப தம்பி சாயங்காலத்துக்குள்ள கெளம்பணுமா?” என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

பூசாரி செல்வம் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ‘டேய்’ என்பதைத் தவிர வேறு சொல்லால் என்னைக் கூப்பிட்டறியாதவன். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“ஒங்களுக்கு எதுக்குங்க இந்தக் கட்டுப்பாடெல்லாம்? நீங்க விருந்தாளி மாதிரி. தாராளமா இருங்க, நல்லா சாமி கும்புடுங்க, வெள்ளிக்கிழமை தாராளமா கெளம்புங்க. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

எனக்கு ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும் என்ற நல்ல மனசுதான் அது. ஆனால் அந்த ‘ங்க’ என்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. “ரொம்ப நன்றி” என்றேன். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. செல்வம் கூச்சத்தோடு தலையாட்டினான். நானே என் வாயால் அதை உறுதிசெய்துவிட்டேன் போல இருந்தது.

விருந்தாளிக்குக் காப்பு கிடையாது. காப்பு கட்டாத தோள் தண்டில் படக் கூடாது. அன்று சாயங்காலம் மஞ்சள் துண்டு கோத்த நூலை அண்ணன் கட்டிக்கொண்டான், முதுகு வலியோடு. “ஒரு வாரம்தானடா” என்றான்.

மறுநாள் சாமி புறப்பாட்டின்போது யாரோ எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கையில் ஒரு கூல்டிரிங்ஸ் வேறு. தவில் சத்தம் நெருங்கி வந்தது. சப்பரம் எங்கள் தெரு முனைக்கு வந்து திரும்பியது. முன் தண்டில் இடது பக்கம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. என்னை அறியாமல் எழுந்து ஓடிப்போய்த் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுக்கப் பார்த்தேன். பின்னால் நின்ற ஒருவர் என் நெஞ்சில் மெதுவாகக் கை வைத்து, “நீங்க உக்காருங்க சார்” என்றார். நான் திரும்பிப் போனேன், ஆனால் உட்காரவில்லை. சப்பரம் அண்ணனைச் சுற்றித் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்ணி தேங்காய்த் தட்டோடு நின்றாள். நான் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் எல்லையான வாய்க்கால் பாலம் வரை அண்ணன் என் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அண்ணன் இந்தப் பக்கமே நின்றுகொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துண்டு கோத்த நூல் ஒன்றை எடுத்து, குனிய முடியாமல் குனிந்து, பெட்டியின் கைப்பிடியில் கட்ட ஆரம்பித்தான்.

“என்னண்ணே பண்ற?”

“ஒனக்குத்தான கட்டக் கூடாது? கரகச் செம்புக்குக் கட்டறோம்ல, அது மாதிரி இது. செல்வம்தான் மந்திரிச்சுக் குடுத்தான்.”

“பெட்டி எல்லை தாண்டுதே?”

“தாண்டினா தாண்டட்டும். அவுக்கறதுக்கு இங்கதான் வந்தாகணும். அது வரைக்கும் நான் எடத்த விட்டுக் குடுக்க மாட்டேன். போடா, நேரமாச்சு.”

நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

ஸ்கிப்போல் விமான நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி அந்த மஞ்சளைக் கையால் தொட்டுப் பார்த்தார். இளம்பெண். “பெட்டி மாறிவிடாமல் இருக்க அடையாளமா?” என்றார்.

“ஆமாம், அடையாளம்தான்” என்றேன்.

“நல்ல யோசனை” என்று சிரித்து அனுப்பினார்.

பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. மஞ்சள் சுருங்கிக் கறுத்துவிட்டது. நூல் இன்னும் அவிழவில்லை. வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை, மகள் உட்பட. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடுகிறான். எங்கள் குளிரைப் பற்றி, மழையைப் பற்றி, தன் முதுகைப் பற்றி எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஒருவர் நலம் விசாரிப்பதைப் போலவே கேட்கிறான்.

“பெட்டி எப்ப ஊருக்கு வருதாம்?”

“நீ தேதி சொல்லுண்ணே.”

“ஊரு இன்னும் கூடலடா” என்கிறான்.