நாமக்கல் போன கரி பஸ்ஸில் சூரி செங்கோடனும் நானும்

இன்று காலை சேலம் ஜெயிலில் இருந்து ஒரு கைதியை நாமக்கல் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன்...

போதுமடா சாமி!

கைதி யார் என்கிறீர்களா? சூரி செங்கோடன். ஆமாம், அவனேதான்! ஊர் ஊராகச் சூரிக் கத்தியைக் காட்டி நகை பறித்தவன். அவன் பெயரைச் சொன்னால் அழுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். (என் பிள்ளை மூடவில்லை. சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ் அடுப்புக்கரியில் ஓடுகிறது. ஓடுகிறது என்பதே ஒரு மரியாதைக்குத்தான்! மல்லூர் தாண்டியதும் நின்றுவிட்டது.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்றார் டிரைவர்.

செங்கோடன் கையும் என் கையும் ஒரே விலங்கில். இருவரும் சேர்ந்துதான் தள்ளினோம்.

"பாருங்க, எத்தன நல்ல மனுசன்!" என்று அவனைப் பார்த்து உருகினார் ஒருவர்.

(என் காக்கிச் சட்டை முழுக்கக் கரி. அதை யாரும் பார்க்கவில்லை!)

பஸ் கிளம்பியதும் உபசாரம் ஆரம்பமானது. ஒருவர் முறுக்கு கொடுத்தார். இன்னொருவர் வெற்றிலை மடித்து நீட்டினார். பின் சீட்டுக்காரர், "ஏனுங்க, ஜெயில் மதில ஏறிக் குதிச்சது நெசமுங்களா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

திருடனுக்கு 'ஏனுங்க'! எனக்கு, "யோவ், கொஞ்சம் நவுரு, அவரு மொகம் தெரியில!"

கூட வந்த ஏட்டையாவிடம் முறையிடலாம் என்றால், அவர் முன் சீட்டில் குறட்டை.

செங்கோடனுக்குக் குஷி பிறந்துவிட்டது. "எத்தனையோ ஊட்டுல பூந்திருக்கறனுங்க. ஆனா பொம்பளைங்க மேல கை வெச்சதே இல்லீங்க!"

பஸ்ஸே 'அடடா' என்றது.

அப்போது ஜன்னலோரம் பேசாமல் இருந்த ஒரு அம்மாள் எழுந்தார். வெண்ணந்தூர் நெசவுக் குடும்பத்துப் பெண். தலையை மூடியிருந்த முந்தானையை விலக்கினார்.

இரண்டு காது மடலும் கிழிந்து தொங்கின.

"அப்ப இது ஆரு பண்ணுனது? தோட்டக் கழட்டித் தாரேன்னு கும்புட்டனே. நீ பொறுத்தியா?"

செங்கோடன் முறுக்கைக் கீழே வைத்தான். "இருட்டுல... நெனப்பு இல்லீங்க."

அதைவிட என்னை எரிய வைத்தது பின் சீட்டுக்காரர்தான். "உடு ஆத்தா, பழசப் பேசி என்ன ஆவப்போவுது?"

ராசிபுரம் வந்ததும் அந்த அம்மாள் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனார். "எங்கம்மா போறீங்க?" என்றேன்.

"கோர்ட்டுல சாச்சி சொல்லத்தானுங்க கெளம்புனேன். எங்க ஊருல வேற ஆரும் வரமாட்டேன்னுட்டாங்க. இங்க பஸ்ஸே அவம்பக்கம் நிக்குது. நான் ஒருத்தி சொல்லி என்னங்க ஆவும்?"

எனக்கு வந்த கோபத்தில் ஏட்டையாவை உலுக்கி எழுப்பினேன். செங்கோடனைப் பஸ்ஸின் கடைசிக்கு இழுத்துப்போய்க் கரிப்புகை வீசும் இடத்தில் நிற்க வைத்தேன். (விலங்கு இருக்கிறதே, நானும்தான் புகை குடித்தேன்!) ஏட்டையா அந்த அம்மாளைத் தன் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, "நீங்க வாங்கம்மா, நான் இருக்கறேன்" என்றார். முதல் தடவையாக உருப்படியான வேலை!

அந்த அம்மாள் இறங்கவில்லை.

கோர்ட்டில் கூண்டேறியபோது அவர் குரல் நடுங்கவில்லை. நடந்ததைச் சொன்னார். காதைக் காட்டினார். செங்கோடன் கடைசி வரை தலை நிமிரவே இல்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் இனி அவன் "சாட்சி இல்லை" என்று தப்ப முடியாது.

சாயங்காலம் வீடு திரும்பினேன். வாசலிலேயே தெருவே கூடிவிட்டது. "செங்கோடன் நேர்ல எப்படி இருந்தான்? மீசை பெருசா? என்ன சாப்பிட்டான்?"

என் சம்சாரமும் அதையேதான் கேட்டாள்!

ஒருவர்கூட அந்த அம்மாளைப் பற்றிக் கேட்கவில்லை.

இவ்வளவு தூரம் படித்தீர்களே, உங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் என்னவென்று கேட்கத் தோன்றியது?

பாவாயி.