மணிக்காரர் சாம்ராஜின் சான்றிதழ்

உலகமயமான உலகில் கல்வி எந்தத் திசையில் போகவேண்டும் என்று பெரிய பெரிய ஊர்களில் பெரிய பெரிய மண்டைகள் குழம்பிக்கொண்டிருந்த இரண்டாயிரமாம் ஆண்டில், விடை ராபர்ட்சன்பேட்டையில், ஒரு துணிக்கடை மாடியில், இரண்டே விரல்களால் தட்டப்பட்டது. தட்டியவர் சாம்ராஜ். வயது நாற்பத்தெட்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அதற்கே வெற்றியை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காரர்.

பிழைப்பு, தங்கச் சுரங்கத்தில் மணியடிப்பது. ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் கூண்டுக்குப் பெயர் கேஜ். ஆள் ஏறியதும் சாம்ராஜ் மூன்று மணி அடிப்பார். இன்ஜின் ரூம்காரர் அதே மூன்றைத் திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும். இருபத்தாறு வருஷம் இப்படியே போனதில், "டீ ஒண்ணு, சக்கரை கம்மி" என்று சொன்னால், கடைக்காரர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை பெஞ்சில் உட்காரமாட்டார்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் அந்தத் துணிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். அன்றே வீட்டுச் சுவரில், மனைவி ஐடாவின் தையல் டிப்ளமோவுக்குப் பக்கத்தில், வரப்போகும் சான்றிதழுக்காக ஒரு ஆணி அடித்தார். ஆறு மாதமாக ஆணி சும்மா இருந்தது. ஐடா இருக்கவில்லை.

"இன்னாங்க, ஆணி துரு பிடிக்குது. காய்கறிப் பையாவது மாட்டட்டுமா?"

"கை வச்சியோ, தெரியும் சேதி. அது ரிசர்வ் பண்ண சீட்டு."

வகுப்பில் மற்ற பத்துப் பேரும் காலேஜ் பிள்ளைகள். வாத்தியார் பவன் தினமும் பெங்களூரிலிருந்து ரயிலில் வரும் இருபத்துமூன்று வயது மேதை. சாம்ராஜ் அவரை சார் என்பார். சார் இவரை அங்கிள் என்பார். பயிற்சி முடிந்து திரையை மூடினால், எழுதியதைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும்.

"நோ அழுத்துங்க. பிராக்டிஸுக்கெல்லாம் மிஷின்ல இடமில்ல" என்பது பவனின் முதல் பாடம். பத்துப் பேரும் கேள்வி வருவதற்குள் நோ அழுத்துவார்கள். சாம்ராஜ் மட்டும் கை தூக்குவார்.

"சார், சேவ் பண்ணட்டுமான்னு கேக்குது. நோவா?"

"நோ தான் அங்கிள்."

"நோ" என்று திருப்பிச் சொல்லிவிட்டே அழுத்துவார். தினமும்.

"அது மிஷினு அங்கிள், பதில் சொல்லலன்னா கோச்சுக்காது" என்று சிரிப்பாள் பக்கத்து சீட்டு வாணி.

"இந்த மாடியில கேட்டுட்டு செய்யறது அது ஒண்ணுதாம்மா."

பரீட்சை வந்தது. கட்டுரைத் தலைப்பு: உலகமயமாகும் உலகில் கல்வியின் எதிர்காலம். விசைப்பலகைகளில் ஆலங்கட்டி மழை பெய்தது. சுயசிந்தனையின் அவசியம் பற்றி வாணி சிந்திக்க நேரமில்லாமல் மூன்று பக்கம் அடித்தாள். முக்கால் மணியில் பத்துப் பேரும் திரையை மூடிவிட்டு எழுந்தார்கள். சில வரிகளோடு சாம்ராஜ் கை தூக்கினார்.

"சார், சேவ் பண்ணட்டுமான்னு கேக்குது. இன்னிக்கும் நோவா?"

"நோ தான் அங்..." பவனின் வாய் பாதியில் நின்றது. மிஷின் மிஷினாக ஓடினார். சுயசிந்தனை ஒரு பக்கம்கூட மிச்சமில்லை. ஆறு மாதப் பழக்கத்தில் பத்து விரல்களும் தாமாகவே நோ அழுத்தியிருந்தன.

"அங்கிள், யெஸ்ஸு! யெஸ்ஸு! யெஸ்ஸு!"

"மூணு யெஸ்ஸு" என்று திருப்பிச் சொல்லி அழுத்தினார் சாம்ராஜ்.

தப்பிப் பிழைத்த ஒரே தத்துவம், அவருடைய இங்கிலீஷிலிருந்து தமிழில், இதுதான்: "இப்போது உலகம் முழுக்க ஒரே சுரங்கம். எங்கிருந்தோ மணி அடிக்கிறார்கள். கேட்டதும் இறங்கிவிடுவது படிப்பு ஆகாது. நமக்கு என்ன கேட்டது என்று நம் ஊரிலிருந்து திருப்பி அடிக்கவேண்டும். அப்புறம் கேஜ் போகட்டும்."

மற்றவர்கள் மறுநாள் திரும்ப எழுதினார்கள். சேமிக்கவா என்ற கேள்வியைக் கோரஸாக வாசித்து, யெஸ் அழுத்திவிட்டு மூடினார்கள். முதல் சான்றிதழ் சாம்ராஜுக்கு.

அதைக் கண்ணாடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவர், ஆணிக்கு முன்னால் நின்று, விரல் முட்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு அசையவில்லை.

சமையலறையில் ஐடா தலையில் அடித்துக்கொண்டாள். கரண்டியால் பாத்திரத்தில் மூன்று தட்டினாள்.

சான்றிதழ் ஏறியது.